டிக்கெட் முகங்களைக் கரியில் வரைகிறேன்: தியரியும் ஸ்டூடியோவும் ஒட்டவில்லை, எங்கே கைவைப்பது?

கரும்புத்தோகை (காத்ர் போர்ன், மொரிஷியஸ்)

எல்லோருக்கும் வணக்கம். நுண்கலைப் பட்டப்படிப்பில் கடைசி ஆண்டு. 1867 சட்டத்துக்குப் பிறகு, ஒப்பந்தக் காலம் முடித்த இந்தியத் தொழிலாளர்கள் இங்கே ஒளிப்படம் ஒட்டிய டிக்கெட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டியிருந்தது இல்லையா, அந்த முகங்களைத்தான் ஸ்டூடியோ வேலைக்கு எடுத்திருக்கிறேன். பன்னிரண்டு முகம், ஏ2 தாள், கரி. கூடவே 5,000 சொல்லில் ஒரு கட்டுரையும் கொடுக்க வேண்டும். தலைப்பு ‘ஆவணமும் அதிகாரமும்’.

இடைக்கால மதிப்பீட்டில் ஜூரி (மதிப்பிடும் குழு) சொன்னது: ‘கட்டுரையைத் தூக்கிப் போட்டாலும் படத்தில் ஒரு கோடு மாறாது.’

படித்ததைப் படத்துக்குள் கொண்டுவர எந்த இடத்தில் கைவைக்க வேண்டும்? படித்துவிட்டு வரைவதா, வரைந்துவிட்டுப் படிப்பதா? கட்டுரையில் என் படங்களைப் பற்றி எப்படி எழுதுவது? பொதுவான அறிவுரை நிறையக் கேட்டாயிற்று. திங்கட்கிழமை காலை ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் செய்யக்கூடியதாகச் சொன்னால் பெரிய உதவி.

---

கரிக்கோல் (ரோஸ் ஹில்)

தங்கச்சி, டோனில், அதாவது வெளுப்பு-கறுப்பு அளவில், கைவையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அந்தக் காலத்தில் ஒளிப்படம் எடுத்தது ஈரக் கொலோடியன் பூசிய கண்ணாடித் தகட்டில். அந்தப் பூச்சுக்கு நீல ஒளியும் புறஊதாவும்தான் தெரியும். சிவப்பும் மஞ்சளும் ஏறக்குறைய தெரியாது. பழுப்புத் தோலிலிருந்து திரும்பி வரும் ஒளியில் அந்தச் சிவப்பும் மஞ்சளும்தான் அதிகம். அதனால் நம் ஆட்களின் முகம் நேரில் இருந்ததைவிடக் கறுத்து விழுந்தது. குங்குமம் கரும்புள்ளியாக, மஞ்சள் கயிறு கறுப்புக் கயிறாக, நீலத் துணி வெளுத்த துணியாக வந்தது. தழும்பும் தோல் திட்டும் கண்ணுக்குத் தெரிந்ததைவிடத் தூக்கலாகப் பதிந்தன. தகடு ஒளி வாங்கச் சில விநாடிகள் பிடிக்கும், அதுவரை அசையக்கூடாது, ஆகவே முகம் இறுகும். இதற்கு மேல் ஆல்புமின் அச்சின் (முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் எடுத்த பிரதி) பங்கு வேறு: வருஷம் போகப் போக மஞ்சளாகும், வெளிச்சப் பகுதியின் நுணுக்கம்தான் முதலில் மங்கும்.

டிக்கெட்டில் இருக்கும் டோனை அப்படியே தாளுக்கு மாற்றினால் தகட்டின் குருட்டுத்தனமும் சேர்ந்தே வந்துவிடும். ‘ஆவணம் நடுநிலையானதல்ல’ என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டுத் தாளில் ஆவணம் சொன்னபடியே நடந்தால், ஜூரி சொன்ன குறைக்குப் பதில் கிடைக்காது.

திங்கட்கிழமை வேலை இது. பழுப்புத் தோலுள்ள ஒருவரை ஜன்னலோரம் உட்காரவையுங்கள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் மஞ்சள் துணி, தோளில் நீலத் துணி. நிழலான பக்கம் கறுத்துப்போகாமல் கலரில் ஒரு படம் எடுங்கள். கிம்ப் மென்பொருளில் திறந்து நிறச் சேனல்களைப் பிரித்தால், நீலச் சேனல் மட்டும் தனியாகக் கிடைக்கும். கொலோடியன் பார்த்த முகம் கிட்டத்தட்ட அதுதான். சாதாரணக் கறுப்பு-வெள்ளைப் பிரதி ஒன்றையும் அதே அளவில் அச்செடுத்துப் பக்கத்தில் ஒட்டுங்கள். கரியாலேயே 9 படி சாம்பல் பட்டை ஒன்று செய்து (வெள்ளை 1, கறுப்பு 9), நெற்றி, கன்னம், மூக்கோர நிழல், உதடு ஆகிய நான்கு இடத்தில் பட்டையை வைத்து எண்ணைக் குறியுங்கள். இரண்டு அச்சுக்கும் எத்தனை படி வித்தியாசம் வருகிறதோ, அந்த அளவு உங்கள் முகங்களில் திருத்தலாம். ஆளுக்கு ஆள், வெளிச்சத்துக்கு வெளிச்சம் இது மாறும். அதனால் ஒரே எண்ணைப் பன்னிரண்டு முகத்துக்கும் பூசிவிடாதீர்கள். முகத்துக்கு முகம் யோசித்து, டோனை எவ்வளவு, ஏன் உயர்த்தினீர்கள் (அதாவது வெளுப்பாக்கினீர்கள்) என்று ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். அந்த ஓரக் குறிப்புதான் பின்னால் கட்டுரையாகும்.

பிறகு ஒரே முகத்தை மூன்று ஏ4 தாளில் வரையுங்கள். முதல் தாளில் டிக்கெட் டோன் அப்படியே. இரண்டாவதில் திருத்திய டோன். மூன்றாவதில் திருத்திய டோனோடு பக்க ஒளி. ஒரு தாளிலிருந்து அடுத்ததற்கு ஒன்றுதான் மாற வேண்டும். டோனையும் அளவையும் தலைச் சாய்வையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மாணவர்களின் ‘பரிசோதனைத் தாள்கள்’ பெரும்பாலும் கெடுவது இதில்தான்.

மூன்றாவது தாளில் பக்க ஒளி எதற்கென்றால், ஒளிப்படக் கலைஞரும் கோட்பாட்டாளருமான ஆலன் செகுலா 1986-இல் எழுதிய கட்டுரையில் 19ஆம் நூற்றாண்டு முகப்படத்துக்கு இரண்டு வேலை இருந்ததாகச் சொல்கிறார்: ஒருவரைக் கௌரவிப்பது, ஒருவரை அடையாளம் கண்டு அடக்குவது. கௌரவிக்கும் படத்தில் முகம் முக்கால் திருப்பத்தில் இருக்கும், ஒளி ஒரு பக்கமிருந்து விழும், எலும்பமைப்பு தெரியும். அடையாளப் படத்தில் முகம் நேர் எதிரே, ஒளி தட்டை. ஆகவே விளக்கை எங்கே வைப்பது என்பதே தியரி முடிவு. டிக்கெட்டில் இல்லாத நிழலைக் கற்பனையில் போட்டால் மூக்கு ஒரு பக்கமும் தாடை இன்னொரு பக்கமும் ஒளி வாங்கி நிற்கும். முகவாகு ஒத்த ஒருவரை 45 பாகையில் ஒற்றை விளக்கின் கீழ் உட்காரவைத்து, நிழலின் வடிவத்தை அவரிடமிருந்து எடுங்கள், முக அளவுகளை டிக்கெட்டிலிருந்து எடுங்கள்.

மூன்று தாளையும் தலைப்பில்லாமல் சுவரில் மாட்டி, பாடத்துக்குச் சம்பந்தமில்லாத நாலைந்து பேரிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ‘இந்தப் படத்தை யாருக்காக எடுத்திருப்பார்கள்?’ பதிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தாளுக்குத் தாள் பதில் மாறவில்லையென்றால் நீங்கள் செய்த மாற்றம் போதாது.

---

நிறக்குடம் (டர்பன்)

கரிக்கோல் அண்ணா சொன்ன சேனல் பரிசோதனை அருமை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் முதலில் படித்து, கேள்வியாக்கி, பிறகு தாளில் சோதிப்பது என்று வைத்துக்கொண்டால், கையும் பொருளும் தாமாகச் சொல்ல வருவதற்கு இடமே இருக்காது.

எங்கள் ஜோகன்னஸ்பர்க் வில்லியம் கென்ட்ரிட்ஜ் 1989 முதல் செய்துவரும் கரி அனிமேஷனைப் பாருங்கள். ஒரே தாளில் வரைவார், கேமராவில் ஒரு சட்டகம் எடுப்பார், கொஞ்சம் அழிப்பார், திருத்துவார், மறுபடி எடுப்பார். கரி முழுசாக அழியாது, அழித்த இடத்தில் சாம்பல் தடம் நிற்கும். நினைவு, மறதி, நிலத்தில் மறைந்த வன்முறை என்று அந்தத் தடத்தைப் பற்றி இன்று எவ்வளவோ எழுதுகிறார்கள். அந்த அர்த்தம் முழுக்கப் பொருளின் குணத்திலிருந்து வந்தது.

அதனால், தங்கச்சி, வாரத்தில் ஒரு நாள் புத்தகத்தைத் திறக்காமல் வேலை செய்யுங்கள். தாள் முழுக்க வில்லோ கரியைப் பூசி, துணியால் தேய்த்து நடுச் சாம்பலாக்கி, ரப்பரால் வெளிச்சத்தை எடுத்து முகத்தைக் கொண்டுவாருங்கள். வெள்ளைத் தாளில் கோடு போட்டு வரைவதற்கு நேரெதிர் வழி இது. இருட்டிலிருந்து முகத்தை வெளியே எடுக்கும்போது எங்கே முதலில் ரப்பர் வைக்கிறீர்கள் என்று கவனியுங்கள். கண்ணா, நெற்றியா, டிக்கெட் எண்ணா? அதன் பிறகு படியுங்கள். ஏற்கெனவே செய்துவிட்ட ஒன்றுக்குப் பெயர் தேடிப் படிக்கும்போது, படிப்பது மனசில் நிற்கும்.

பொருளைக் கவனிக்கவேண்டிய இடம்: வில்லோ கரி, அதாவது உங்கள் ஊர்க் கடையில் ஃபூசேன் என்று கேட்டால் தருவது, பசை சேராதது. கொம் மி த பேன் ரப்பரை (மாவுபோலப் பிசையக்கூடிய ரப்பர்) பிசைந்து ஒற்றினால் தாள் ஏறக்குறைய வெளுத்துவிடும். அழுத்தக் கரியில் பசை இருக்கிறது, என்ன செய்தாலும் தடம் நிற்கும். தடம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்த பிறகு கரியை எடுங்கள். விரலால் தேய்க்கவே கூடாது. விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் கரி பிடித்துக்கொண்டு, ரப்பருக்கு அசையாத திட்டாகிவிடும். ஷாம்வா என்ற மென்தோலோ பழைய பருத்தித் துணியோ போதும். தாளின் எடை சதுர மீட்டருக்கு 200 கிராமுக்குக் குறைந்தால் நாலைந்து முறை அழிப்பதற்குள் நார் எழும்பிவிடும், அப்புறம் அந்த இடத்தில் எந்தக் கரியும் சீராக உட்காராது.

---

வாசன் (லெ போர், ரீயூனியன்)

எங்கள் தீவின் கலைப்பள்ளி மாணவர்களும் இதே கேள்வியோடுதான் அலைகிறார்கள். கட்டுரைப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

‘முதல் அத்தியாயம் கோட்பாடு, கடைசி அத்தியாயம் என் படைப்பு’ என்ற அமைப்பை விட்டுவிடுங்கள். அந்த அமைப்பில் இரண்டும் சந்திக்கவே வழியில்லை. ஒவ்வொரு பத்தியும் தாளில் எடுத்த ஒரு முடிவிலிருந்து தொடங்கட்டும்.

பலவீனமான வாக்கியம் இப்படி இருக்கும்: ‘என் படைப்புகள் காலனிய அதிகாரத்தைக் கேள்விக்கு உட்படுத்துகின்றன.’ எந்தத் தீவில் யார் வரைந்த எந்தப் படத்துக்கும் இதை ஒட்டலாம்.

வேலை செய்யும் பத்தி இப்படி: ‘நான்காவது முகத்தில் கன்னத்தின் டோனை 7-லிருந்து 5-க்கு உயர்த்தினேன். கொலோடியன் தகடு சிவப்பு ஒளியைப் பதியாததால் மூலப்படத்தில் கன்னமும் கண்குழியும் ஒரே கறுப்பாகக் கலந்திருந்தன. உயர்த்தியதும் கண் தனியாகப் பிரிந்து பார்வையாளரை நோக்கியது. ஆனால் சட்டையும் முகமும் டோனில் நெருங்கிவிட்டதால் கழுத்து மறைந்தது. அடையாளப் படம், கௌரவப் படம் என்று செகுலா பிரிப்பதை வைத்துப் பார்த்தால், இந்தத் தாள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: பார்வை கௌரவப் படத்துடையது, நேர்முக நிலை இன்னமும் அடையாளப் படத்துடையது.’ இதில் முடிவு, காரணம், விளைவு, கெட்டுப்போனது, கோட்பாட்டோடு உரசும் இடம் எல்லாம் இருக்கின்றன. இந்தப் பத்தியை எடுத்துவிட்டால் படத்தைப் புரிந்துகொள்வதில் ஏதோ குறையும். அதுதான் தேவை.

5,000 சொல்லில் பன்னிரண்டு முகத்தைப் பற்றியும் எழுத இடம் கிடையாது. மூன்றை எடுங்கள், அதில் ஒன்று தோற்றுப்போன தாளாக இருக்கட்டும். மூலப்படமும் அதன் பின்னணியும் 800 சொல். இரண்டு சிந்தனையாளர்கள் போதும், ஆளுக்கு ஒரு வாதம், சேர்த்து 1,000. மூன்று தாளுக்கும் 2,700. மீதி 500 தொங்கவிடும் முறைக்கு. ஃபூகோ, பார்த், சாயித், பாபா, ஸ்பிவாக் என்று ஐந்து கோட்பாட்டாளர்களை ஐந்து வரியில் கடந்து போகும் கட்டுரையை ஜூரி முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடும்.

ஆய்வு முறை என்று தனியே ஒன்றும் புனைய வேண்டாம். ஸ்டூடியோ நோட்டில் ஒவ்வொரு நாளும் ஐந்து வரி: எந்தத் தாள், எந்தப் பொருள், என்ன முடிவு, வேறு என்ன செய்திருக்கலாம், ஏன் செய்யவில்லை. ‘வேறு என்ன செய்திருக்கலாம்’ என்ற வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், கட்டுரைக்கு உயிர் அதில்தான் இருக்கிறது. நாள் முடிவில் தாளை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் வைத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். வெளிச்சம் மாறினால் நீங்கள் மாற்றிய டோன் எது, சூரியன் மாற்றியது எது என்று பின்னால் பிரிக்க முடியாது.

---

கரும்புத்தோகை

அண்ணன்மார்களுக்கும் வாசன் ஐயாவுக்கும் மிக்க நன்றி. நீலச் சேனலைப் பிரித்துப் பார்த்தேன். குங்குமம் முழுக் கறுப்பாக வந்தது, கன்னத்தில் இரண்டு படி வித்தியாசம்.

இன்னும் இரண்டு சந்தேகம். டிக்கெட்டில் இருக்கும் குடியேறி எண்ணைப் படத்தில் வைப்பதா, எடுப்பதா? டிக்கெட் மார்போடு வெட்டுகிறது, உடம்பையும் சேர்த்து வரைய நினைக்கிறேன். அளவு எங்கிருந்து எடுப்பது?

---

வாசன் (லெ போர், ரீயூனியன்)

எண்ணை வைத்தால் முத்திரை குத்தியவர்களின் வேலையைத் திரும்பச் செய்கிறோம். எடுத்தால் அந்த மனிதரை அவருடைய சந்ததியினர் தேடிக் கண்டுபிடிக்கும் வழியை அடைக்கிறோம், ஏனென்றால் ஆவணங்களில் ஒருவரைப் பின்தொடர அந்த எண்தான் பிடிமானம். ஆகவே படத்தின் முன்பக்கத்தில் வேண்டாம். தாளின் பின்புறம் மென்மையான பென்சிலில் எழுதுங்கள், பெயர்ச்சீட்டில் முதலில் பெயர், கடைசியில் எண். இந்த இடமாற்றமே கட்டுரையில் ஒரு பக்கம் தாங்கும்.

படங்கள் மோக்கா மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டின் குடியேற்ற ஆவணக் காப்பகத்திலிருந்து வந்தவை என்றால், காட்சிக்கு வைப்பதற்கும் கட்டுரையில் அச்சிடுவதற்கும் தனித்தனியாக எழுத்தில் அனுமதி கேளுங்கள். கண்காட்சிக்கு முந்தின வாரம் கேட்கிற காரியம் இல்லை இது.

---

தச்சன் (போர்ட் லூயிஸ்)

உடம்பின் அளவுக்குத் தாளமானத்தை, அதாவது சிற்ப நூல்களின் உடலளவு முறையை, பாருங்கள், அம்மா. கலைத் தியரி என்றால் பாரிஸிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும்தான் வரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நம் ஸ்தபதிகள் தியரியை அளவு நூலாகவே கையில் பிடித்து வேலை செய்கிறார்கள்.

நவதாளத்தில், அதாவது ஒன்பது முக உயர அளவில், உருவம் 108 அங்குலம். இந்த அங்குலம் இஞ்ச் அல்ல, உருவத்துக்குள்ளேயே பிறக்கும் அளவு. முகம் 12, கழுத்து 4, கழுத்திலிருந்து மார்பு 12, மார்பிலிருந்து தொப்புள் 12, தொப்புளிலிருந்து தொடை தொடங்கும் இடம் 12, தொடை 24, முழங்கால் 4, கணைக்கால் 24, பாதம் 4. கூட்டினால் 108.

உங்கள் ஏ2 தாளின் உயரம் 59.4 செ.மீ. மேலும் கீழும் 2.7 விட்டால் 54 செ.மீ. மிச்சம். அதை 108-ஆல் வகுத்தால் ஓர் அங்குலம் 5 மி.மீ. முகம் 6 செ.மீ., தொடை 12 செ.மீ., கணைக்கால் 12 செ.மீ. மயிர்க்கோட்டுக்கு மேலே உள்ள தலைமுடி மேல் ஓரத்து 2.7-க்குள் அடங்கும். லேசான பென்சிலில் கிடைக்கோடு போட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

அடிக்கடி நடக்கிற தவறு: 12 அங்குலத்தை உச்சந்தலையிலிருந்து அளப்பது. அது மயிர்க்கோட்டிலிருந்து தாடை வரைக்கும்தான். உச்சியிலிருந்து அளந்து ஒன்பதால் பெருக்கினால் உருவம் ஒட்டடைக்கோல் மாதிரி நீண்டுவிடும், ஏனென்றால் சாதாரண மனிதர் முழுத் தலையால் அளந்தால் ஏழரைத் தலை உயரம்தான். மயிர்க்கோட்டிலிருந்து அளந்தால் ஒன்பது முகம் இயல்பான உடம்புக்குப் பக்கத்திலேயே வரும். இன்னும் ஓங்கிய உருவம் வேண்டுமென்றால் உத்தம தசதாளம் (பத்துத் தாளத்தின் மேல்நிலை), 124 அங்குலம்.

யாருக்கு எந்தத் தாளம் என்பது நூலுக்கு நூல் மாறும். பத்துத் தாளத்தின் மேல்நிலை அளவுகள் பெருந்தெய்வங்களுக்கு உரியவை. கரும்புக் காட்டில் வேலை செய்தவரை அந்த அளவில் நிறுத்தினால், அவரை எந்த வரிசையில் வைக்கிறீர்கள் என்பதைத் தாளே சொல்லிவிடும். ஒரு எச்சரிக்கை: முகத்தை மட்டும் தாளமானத்துக்காக நெற்றி 4, மூக்கு 4, தாடை 4 என்று சமமாக இழுத்துவிடாதீர்கள். டிக்கெட்டில் இருப்பவர் ஒரு குறிப்பிட்ட மனிதர். மூக்கு 3½ என்றால் அது அப்படியே இருக்கட்டும். உடம்புக்கு நூலளவு, முகத்துக்கு ஆளளவு.

---

நிறக்குடம் (டர்பன்)

தச்சன் ஐயா, ‘உடம்புக்கு நூலளவு, முகத்துக்கு ஆளளவு’ என்பது நல்ல முடிவு. ஆனால் இரண்டும் சேருமிடம் கழுத்து, அங்கே தையல் தெரியும். தங்கச்சி, கழுத்தையும் தோளையும் டிக்கெட்டில் இருக்கும் வரைக்கும் டிக்கெட்டிலிருந்தே எடுத்து, மார்புக்குக் கீழே நூலளவுக்கு மாறுங்கள். அல்லது தையல் தெரியட்டும் என்றால், டிக்கெட் வெட்டிய இடத்துக்கு மேலே டோன், கீழே வெறும் கோடு மட்டும். காப்பகம் எதுவரை பார்த்தது என்பது தாளிலேயே தெரியும். ஒரு சிறு தாளில் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

---

கரிக்கோல் (ரோஸ் ஹில்)

டோன்-கோடு பிரிப்பு நன்றாக வரும் என்று நினைக்கிறேன். முதலில் அதைச் செய்து பாருங்கள்.

தொங்கவிடுவது பற்றி ஒன்று. படத்தின் நடு, தரையிலிருந்து சுமார் 150 செ.மீ.-இல் வருவது வழக்கம். முழு உருவத் தாள்களில் அப்படித் தொங்கவிட்டால் பார்வையாளரின் கண் உருவத்தின் இடுப்பில் விழும், உருவம் மேலிருந்து பார்க்கும். உருவத்தின் கண்ணைப் பார்வையாளரின் கண்ணுக்கு நேராகக் கொண்டுவர வேண்டுமென்றால் தாளை இருபது செ.மீ. அளவுக்குக் கீழே இறக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு வாதம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வாசன் சொன்ன அந்த 500 சொல்லில் காரணத்தை எழுதுங்கள்.

ஃபிக்ஸட்டிவ் (கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஸ்ப்ரே) விஷயத்தில் அவசரம் வேண்டாம். அடித்த பிறகு ரப்பர் அந்த இடத்தில் சரியாக வேலை செய்யாது, ஆகவே வெளிச்சமெல்லாம் எடுத்து முடித்த பின்தான் அடிக்க வேண்டும். தாளை நிமிர்த்தி வைத்து, 30 செ.மீ. தள்ளி நின்று, தாளுக்கு வெளியே ஆரம்பித்து வெளியே முடிகிற மாதிரி வீசி, மெல்லிய பூச்சாக இரண்டு அல்லது மூன்று முறை. ஒவ்வொன்றுக்கும் நடுவே கால் மணி நேரம். நெருங்கி நின்று நனைய அடித்தால் கரித்தூள் சொட்டோடு சேர்ந்து நகர்ந்து புள்ளி புள்ளியாகும். அடித்ததும் டோன் கொஞ்சம் கறுக்கும், அதனால் நீங்கள் 5 என்று அளந்த கன்னம் 6-ஐ நோக்கி நகரும். அதே தாளின் ஒரு துண்டில் 9 படிப் பட்டையை வரைந்து, அதற்கும் அதே பூச்சைக் கொடுத்து எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துவிட்டு, படத்தில் அந்த அளவு முன்கூட்டியே வெளுப்பாக நிறுத்துங்கள்.

ஜனவரி, பிப்ரவரி மழைப் புழுக்கத்தில் அடித்தால் பூச்சு ஈரத்தை இழுத்துப் பால்போல வெளுக்கும், கறுப்புப் பகுதியில் அது அப்பட்டமாகத் தெரியும். புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் கேனைத் தொடாதீர்கள். காற்று உலர்ந்த நேரம் பார்த்து, ஜன்னல் திறந்த அறையில் முகமூடி போட்டு அடியுங்கள். முடித்த தாள்களுக்கு நடுவே கிளாசின் தாள் (வழுவழுப்பான மெல்லிய தாள்) வைத்து, தட்டையான பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் போட வேண்டாம், அது மின்னேற்றத்தால் கரித்தூளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.